ஒருவருக்கு இரண்டு நிமிடம்

மைக் செட் என்னுடையது.
மண்டபம் விஜயமங்கலத்தில், சர்வீஸ் ரோட்டை ஒட்டி.
போன முகூர்த்தத்துக்கு ஒட்டிய தெர்மாகோல் அன்னங்களில் ஒன்று
இன்னும் விழாமல் மேடைச் சுவரில் இருந்தது.
அதன் வயிற்றை மறைத்து பேனர்:
நெடுஞ்சாலையில் வேக வரம்பை
எண்பதிலிருந்து நூறாக்குவது பற்றி
பொதுமக்கள் கருத்துக்கேட்பு.

ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றார் அதிகாரி.
முடிந்ததும் டம்ளரைக் கரண்டியால் தட்டுவார்கள்;
நான் ஒலியை இறக்கிவிட வேண்டும்.
வாடகை அதற்கும் சேர்த்துத்தான்.

திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்
கொச்சியில் கப்பல் யாருக்காகவும் நிற்காது என்றார்.
ஒன்றே முக்கால் நிமிடத்தில் முடித்து
கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கினார்.

பல்லடத்துக் கோழி வண்டி ஓட்டுகிறவர், பெயர் மயிலானந்தன்.
"சித்திரை வெயில்ல வாளையாறு போறதுக்குள்ள
நாப்பது கோழி தலை தொங்கிப்போகுதுங்க.
வெரசாப் போனா பாதியாச்சும் பொழைக்கும்."
பொழைச்சு எங்கெ போகுது என்று பின்வரிசையில் ஒரு குரல்.
மண்டபமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.
செத்த கோழிக்கு அவர் சம்பளத்தில்தான் பிடிக்கிறார்கள்.

திருச்செங்கோட்டு போர் வண்டி டிரைவர்
மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டார்; எனக்குப் பிடிக்காத பழக்கம்.
"எங்க வண்டி அறுவதுக்கு மேல போகவே போகாது.
நீங்க எந்த நெம்பர் போட்டாலும் எனக்கு ஒண்ணுதான்.
ஆனா நூறுல வாறவனுக்கு
நான் ஓடற வண்டி இல்லீங்க, ரோட்டுல நிக்கிற செவுரு."

பிறகு திரையில் ஒரு வரைபடம்.
இருபது கிலோமீட்டருக்கு
மூன்று நிமிடம் மிச்சம் என்றார் பொறியாளர்.
மூன்று என்ற எண் பச்சை நிறத்தில் பெரிதாகி நின்றது.

பாவாயிக்காக ஸ்டாண்டை ஒரு சாண் இறக்கினேன்.

"மூணு நிமிசம் மிச்சமாகுதுங்களா? செரி.
எங்கூர்ல பதினேழு பேரு
காலைலயும் பொழுதோடயும் பால் கேனோட
இந்த ரோட்டைத் தாண்டித்தான் சொசைட்டிக்குப் போறம்.
அடிப்பாலம் ஒண்ணரை மைலு. மழை பேஞ்சா முழங்கால் தண்ணி.
எம்பதுல வாற காரு
எந்தப் புளியமரத்துக்கிட்ட இருந்தா எறங்கலாம்னு
கண்ணு தானாச் சொல்லும்.
நூறுக்கு வேற மரம் பாக்கோணும்.
அது பழகறதுக்குள்ள எத்தனை பேருன்னு
இந்தத் திரையில போட்டிருக்குதுங்களா?"

டம்ளர் சத்தம்.

"சித்தெ இருங்க.
அந்த மூணுல எங்களுக்கு ஒரு நிமிசம் குடுத்துருங்க.
காலைல அரை, பொழுதோட அரை.
வண்டியெல்லாம் நிக்கட்டும், நாங்க போயர்றம்.
மீதி ரெண்டையும் நீங்களே வெச்சுக்கங்க."

மறுபடி டம்ளர்.
அதிகாரி என்னைப் பார்த்தார்.
குமிழ் சிக்கிக்கொண்டது என்று பிறகு சொல்லிவிட்டேன்.

சாலையைக் கடப்பது
இன்றைய கூட்டத்தின் பொருளில் வராதாம்.
ஆனாலும் பதிவு செய்துகொண்டார்களாம்.

ஒயர் சுற்றி, பாக்ஸ் ஏற்றி, கிளம்பும்போது ஆறே கால்.
அவினாசியில் ஆறே முக்காலுக்கு ஒரு வரவேற்பு;
பெண் வீட்டார் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள்.
என் குட்டி யானை எண்பதைத் தாண்டினால்
ஸ்டியரிங் நடுங்கும்.
நடுங்கியது.
முள் எண்பத்தெட்டில்.
எண்பதைச் சொல்லும் பலகை
வலது கண்ணோரம் வந்து, போயிற்று.

புளியமரம்.
அதனடியில் என் வெளிச்சத்தைத் திருப்பி அடித்தது
ஏதோ ஒரு வளைவு. கேன் மூடி.
அதன் பின்னால் இன்னொன்று.

காலை எடுத்துவிட்டேன்.
வண்டி முழுக்க நிற்கவில்லை, ஊர்ந்தது.
பின்னால் வந்த லாரிக்காரர்
ஜன்னல் வழியே என் அம்மாவை விசாரித்துவிட்டு
ஒதுங்கிப் போனார்.
அவர் போன பிறகுதான் அவர்கள் இறங்கினார்கள்.
எனக்காகக் கையெல்லாம் அசைக்கவில்லை.
ஏழெட்டுப் பேர், கேன் ஒரு பக்கம் இழுக்க,
நடுத்திட்டு வரை.
அங்கிருந்து அந்தப் பக்கத்து வண்டிகளை
எண்ண ஆரம்பித்தார்கள்.

அவினாசியில்
பொண்ணும் மாப்பிள்ளையும் வெறும் மைக் முன்னால் நின்றிருந்தார்கள்.
இருநூறு ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.